வெள்ளை கலவாத மாநிறம்: ரவிவர்மாவும் இளையராஜாவும்

ஓவியர் எஸ். இளையராஜா 2021 ஜூன் மாதத்தில் கொரோனாவில் மறைந்தார். அன்று தொட்டு அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டே பேனாவை மூடுகிறார்கள். ரவிவர்மா நம் பெண்களுக்கு வெள்ளையடித்தார். இளையராஜா அந்த வெள்ளையைச் சுரண்டியெடுத்துக் கறுப்பைத் திருப்பித் தந்தார் என்பது அது. கேட்க நன்றாயிருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. ரவிவர்மா கலைஞர், இளையராஜா புகைப்படத்தை எண்ணெயில் நகலெடுத்தவர் என்று ஒரே வரியில் வழக்கை முடித்துக்கொள்ளும் மூத்த ரசிகர்களை நான் அறிவேன். நவீன ஓவியம் பற்றி நாற்பதாண்டுகளாகப் பேசி வருகிறவர்கள் அவர்கள்.

இவ்விரு தரப்புமே ஓவியத்தைப் பார்க்கவில்லை என்பது என் கட்சி. ஒரு தரப்பு தோலின் நிறத்தைப் பார்க்கிறது. மற்றது ஓவியர் எந்தக் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்று பார்க்கிறது. நடுவில் கித்தான்மீது பூசப்பட்டிருக்கும் எண்ணெய்வண்ணம் என்ற பொருளை, அது எப்படிப் பூசப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அதற்குக் காரணமும் உண்டு. ரவிவர்மாவை நம்மில் பெரும்பாலோர் அச்சுப்படத்தில் அறிந்தவர்கள். 1894 இல் அவர் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த ஓலியோகிராஃப் படங்களும், அவற்றை ஒற்றியெடுத்த காலண்டர்களும், அந்தக் காலண்டர்களை ஒற்றியெடுத்த தீப்பெட்டி, ஊதுவத்தி லேபிள்களுமே நாம் ‘ரவிவர்மா’ என்று அழைக்கும் வஸ்து. ஓலியோகிராஃப் என்பதே ஒரு வேடம். கல் அச்சில் நிறத்திற்கொரு கல்லாக அடுக்கி அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம்போல் காட்டுவார்கள். இளையராஜாவையோ நாம் கைப்பேசித் திரையில் அறிந்தோம். உள்ளங்கையளவு கண்ணாடிக்குள் பின்னாலிருந்து விளக்கெரியும் படத்தைப் பார்த்துவிட்டு, ‘அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது’ என்று ஒருவர் வியக்கிறார்; அதையே இன்னொருவர் குற்றமாகச் சொல்கிறார். நூறாண்டு இடைவெளியில் இரு ஓவியர்களுக்கும் ஒரே கதி நேர்ந்திருக்கிறது. இருவரின் எண்ணெயும் வழியிலேயே களவு போய்விட்டது. ஆகவே எண்ணெயிலிருந்து தொடங்குவோம்.

ரவிவர்மா 1848 இல் கிளிமானூரில் பிறந்தவர். பதினான்கு வயதில், 1862 இல், திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்து சேர்கிறார். எண்ணெய்வண்ணம் அப்போது அங்கே புதிய சரக்கு. அந்த வித்தை தெரிந்த அரண்மனை ஓவியர் மதுரையிலிருந்து போன ராமசாமி நாயக்கர். அவர் ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை யாருமறியாமல் வந்து சில நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868 இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மன்னரையும் அரசியையும் வரைய வந்தபோது, அருகில் நின்று பார்க்கும் அனுமதி மட்டும் அவருக்குக் கிடைத்தது. (கேரளத்துக்காரர் என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடும் ரவிவர்மாவின் எண்ணெயில் மதுரையும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதைத் தமிழில் யாராவது எழுதுவார்கள் என்று காத்திருக்கிறேன்.)

பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அவருடைய பலமும் பலவீனமும் விளங்கும். ஒரு பொருளின் மேற்பரப்பை எண்ணெய்வண்ணம் எப்படி உருவாக்குகிறது என்பதை அவர் கண்ணால் திருடினார். பட்டின் மடிப்பு, சரிகையின் சொரசொரப்பு, முத்தின் குளிர்ச்சி, தந்த வேலைப்பாட்டின் மங்கல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தூரிகையை வேறுவிதமாகப் பிடிக்க அவருக்குத் தெரிந்தது. அசல் ஓவியத்தின் அருகில் போய் நின்றால், நகை பளபளக்கும் இடத்தில் வண்ணம் கெட்டியாகப் புடைத்து நிற்பதும், பின்னணி இருளில் அது மெல்லிய பூச்சாகக் கரைந்துபோவதும் தெரியும். வெளிச்சம் கெட்டி, நிழல் மென்மை என்பது ஐரோப்பியப் பயிற்சிக்கூடங்களின் பாலபாடம். பயிற்சிக்கூடத்தின் வாசற்படியை மிதிக்காமலே அதைச் செய்துகாட்டினார். 1873 இல், மல்லிகைச் சரம் சூடும் நாயர்ப் பெண்ணின் ஓவியம் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் வாங்கியது. வியன்னாவிலும் பரிசு பெற்றது. மறு ஆண்டு சரபத் என்னும் தந்தி வாத்தியம் வாசிக்கும் தமிழ்ப் பெண் ஓவியத்துக்குச் சென்னையில் மீண்டும் பரிசு. 1875-76 இல் இந்தியாவில் பயணம் செய்த வேல்ஸ் இளவரசருக்கு அது அன்பளிப்பாகப் போய்விட்டது.

சரி, தோலுக்கு வருவோம். ரவிவர்மா ‘வெள்ளையடித்தார்’ என்கிற குற்றச்சாட்டில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதியை நிறவெறி என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது என்பதே இங்கே சுவாரசியமான விஷயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தில் மனிதத் தோல் என்பது அடிப்படையில் வெள்ளை வண்ணத்தை மட்டுப்படுத்தும் கலை. ஈயவெள்ளையை எடுத்துக்கொள்வார்கள். அதில் கொஞ்சம் காவி, கொஞ்சம் சிவப்பு, நிழலுக்குச் சிறிது பச்சை அல்லது பழுப்பு. கன்னம், நெற்றி, கழுத்து என்று எங்கு தொட்டாலும் கலவையின் தாய் வெள்ளைதான். ஈயவெள்ளை சற்றே வெதுவெதுப்பானது, முழுக்க மறைக்காதது. வெளிர்த்தோலுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. இந்தச் செய்முறையையே அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு மாநிறப் பெண்ணை வரையப் புகுந்தால் என்ன நடக்கும்? பழுப்பில் வெள்ளையைக் கலந்தால் அது ஒளி பெறுவதில்லை, சாம்பல் பூக்கிறது. தூசு படிந்த முகம்போல, காய்ச்சலில் எழுந்தவள்போல ஆகிவிடுகிறது. இந்தச் சாம்பலிலிருந்து தப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெண்ணின் நிறத்தையே வெள்ளைக்கு அருகே நகர்த்திவிடுவது. இன்னொன்று, வெள்ளையைக் கலப்பதையே விட்டுவிட்டு முற்றிலும் வேறொரு செய்முறையைக் கண்டுபிடிப்பது. ரவிவர்மா பெரும்பாலும் முதல் வழியில் போனார். மன்னர்களும் திவான்களும் வீட்டுப் பெண்களை வரையச் சொல்லிக் காத்திருந்தபோது அந்த வழி அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

அவரால் முடியாததல்ல. 1893 இல் சிகாகோ கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்களில் ஒன்று ஒரு ஜிப்ஸிக் குடும்பத்தைப் பற்றியது. அதில் மரத்தடியில் அமர்ந்திருக்கும் பெண்ணின் தோல் கறுப்பு. வறுமையை வரையும்போது கறுப்பு வருகிறது. லட்சுமியை வரையும்போது வருவதில்லை. இதைக் குற்றமாகச் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் குற்றம் கைக்கு எட்டாததில் இல்லை, எட்டியதை எங்கே பயன்படுத்தினார் என்பதில் இருக்கிறது. 1889 இல் மைசூருக்காக வரைந்த ‘இசைவாணியர் கூட்டம்’ என்ற ஓவியத்தில் வெவ்வேறு பிராந்தியங்களின் உடையில் பதினொரு பெண்கள். புடவைக்கட்டு மாறுகிறது, வாத்தியம் மாறுகிறது, மூக்குத்தி மாறுகிறது. முகங்களை மட்டும் பாருங்கள், ஒரே வீட்டுச் சகோதரிகள். உடைகளைப் பிரித்தறிந்த அளவுக்கு எண்ணெய் உடல்களைப் பிரித்தறியவில்லை.

(ஒரு சிறு விலகல். ரவிவர்மாவைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஆனந்த குமாரசாமி ஒருவர். கொழும்பில் பிறந்த தமிழர். 1906 இல் ரவிவர்மா மறைந்தபோது இரங்கற்பா பாடியவர் பாரதியார். இரு பெரும் தமிழ் மனங்கள் ஒரே ஓவியரைப் பற்றி எதிரெதிராக நின்றிருக்கின்றன. அந்த விவாதத்தை நாம் தொடராமல் விட்டதற்கு இன்று விலை கொடுக்கிறோம்.)

இளையராஜா 1979 இல் கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். கும்பகோணம், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர். பார்த்தே கற்ற ரவிவர்மாவுக்கு நேர்மாறாக முறையாகப் பாடம் படித்தவர். அவருடைய காலத்தில் அரூபம் பேசாத ஓவியனுக்கு மரியாதை குறைவு. அந்தச் சூழலிலிருந்து வந்த ஒருவர் தம் வீட்டுப் பெண்களையும் ஊர்ப் பெண்களையும் துல்லியமான யதார்த்தத்தில் வரைய உட்கார்ந்தார் என்பதற்கே ஒரு பிடிவாதம் வேண்டும்.

அவருடைய ஓவியத்தில் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து வருகிறது. மரச்சட்டமிட்ட பழைய ஜன்னல், அல்லது பாதி திறந்த கதவு. பெண் பூத்தொடுக்கிறாள், அடுப்படியில் நிற்கிறாள், தூணில் சாய்ந்திருக்கிறாள். முகத்தின் ஒரு பாதி இருளில். இந்த இருள்தான் விஷயம். ரவிவர்மாவின் ஓவியங்களில் இருள் பின்னணிக்கு உரியது. பெண் அதிலிருந்து வெளியே வந்து நிற்பாள். இளையராஜாவிடம் இருள் பெண்ணின் உடம்பிலேயே இருக்கிறது. தோலும் நிழலும் ஒரே பழுப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கண் தடுமாறுகிறது.

இதை வெள்ளை கலந்த கலவையால் செய்யவே முடியாது. எண்ணெய்வண்ணத்தின் மற்றொரு குணம் இங்கே வேலைக்கு வருகிறது: கண்ணாடித்தன்மை. ஆளிவிதை எண்ணெய் நீர்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி மெல்ல இறுகுகிறது. அதனால் ஒரு பூச்சு இறுகியபின் அதன்மேல் ஒளி ஊடுருவும் இன்னொரு மெல்லிய பூச்சு, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கிளேஸிங் என்பார்கள். ஒளி இப்பூச்சுகளுக்குள் புகுந்து, அடியிலிருக்கும் பரப்பில் பட்டுத் திரும்பி வருகிறது. மாநிறத் தோலுக்கு இது மிகவும் உண்மையான முறை. ஏனெனில் மாநிறம் ஒளியைப் பரப்பி வீசுவதைவிட, சில இடங்களில் மட்டும் கூர்மையாகத் திருப்பி அனுப்புகிறது. மூக்கின் நுனி, கன்னத்தின் மேடு, தோள்பட்டை, விரல்முட்டி. எண்ணெய் தேய்த்த கரிய கன்னத்தில் பகல் வெளிச்சம் பட்டால் அந்தப் புள்ளி வெள்ளையாகத் தெரிவதில்லை, வானத்தின் நீலம் ஒட்டிக்கொண்டு தெரியும். இளையராஜா இதைக் கவனித்திருக்கிறார். ஒரு துளி குளிர்ந்த நீலச்சாம்பல், அதைச் சுற்றி வெதுவெதுப்பான பழுப்பு. அவ்வளவுதான். முகம் மூச்சுவிடுகிறது.

கடைகளில் இன்றும் ‘ஃப்ளெஷ் டின்ட்’, அதாவது சதைநிறம், என்ற பெயரில் இளஞ்சிவப்புச் சாயல்கொண்ட வண்ணக்குழாய் விற்கிறார்கள். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் 1962 இலேயே தன் கிரயான்களில் அந்தப் பெயரை மாற்றிப் பீச் என்று வைத்துவிட்டது. நம்மூர்ப் பள்ளிக்கூடச் சிறுமி தன் அம்மாவை வரைவதற்கு இன்னமும் அந்தக் குழாயைத்தான் பிதுக்குகிறாள். அந்தக் குழாயைத் தொடாமல் ஒரு முகத்தைக் கட்டியெழுப்ப முடியும் என்று இளையராஜா நம் கண்முன் காட்டினார். ரவிவர்மா செய்யாமல் விட்டது இது. ‘கறுப்பைத் திருப்பித் தந்தார்’ என்ற கோஷத்தைவிட இது பெரிய பாராட்டு. ஆனால் கோஷம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லப் பொறுமையில்லை.

இனி ‘போட்டோ’ வழக்கு. இளையராஜா புகைப்படத்தைத் துணையாகக் கொண்டார், அதை மறைத்தவரல்லர். ரவிவர்மாவும்தான் புகைப்படங்களைப் பயன்படுத்தினார். அவருடைய தம்பி ராஜராஜவர்மா பல ஓவியங்களின் பின்னணிக் காட்சிகளில் அவருக்குத் துணைநின்றார் என்பதும் மறைவான செய்தியல்ல. மூத்த ரசிகர்கள் ஒருவருக்கு மன்னித்ததை இன்னொருவருக்கு மன்னிக்காதது ஏன்? புகைப்படக் கருவியே மாநிறத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை என்பது கல்யாண வீட்டு ஆல்பத்தைப் புரட்டிய ஒவ்வொருவருக்கும் தெரியும். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கறுத்த முகம் ஒன்று எண்ணெய்ச் சட்டியாக மின்னும், அல்லது நிழலில் கண்கள் மட்டும் மிதக்கும். அந்தப் புகைப்படத்திலிருந்து இளையராஜா எடுத்தது அமைப்பை. நிறத்தை அவரே கலக்கவேண்டியிருந்தது. நகலெடுத்தார் என்பவர்கள், நகலில் இல்லாதது ஓவியத்தில் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை சொல்லட்டும்.

ஆனால் அவர்களுடைய சந்தேகத்தில் ஒரு நியாயமான கரு இருக்கிறது. அதை அவர்களே எடுத்துச்சொல்லத் தெரியாமல் விட்டுவிட்டார்கள். ஜன்னலோரப் பெண்ணை வரைந்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஹாலந்தின் வெர்மீர். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய ‘பால் ஊற்றும் பணிப்பெண்’ 1650களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அந்த ஓவியத்தில் மேஜைமேல் இருக்கும் ரொட்டியை நெருங்கிப் பார்த்தால் அது ரொட்டியாக இல்லை. சின்னச்சின்ன வண்ணப் புள்ளிகள் புடைத்து நிற்கின்றன. விலகினால் ரொட்டி, நெருங்கினால் வண்ணம். பார்ப்பவனுக்கு இரண்டும் தெரிகிறது, நடுவில் ஓவியரின் கை தெரிகிறது. இளையராஜாவிடம் நெருங்கினாலும் ரொட்டி ரொட்டியேதான். தூரிகைத் தடம் எங்கும் இல்லாமல் துடைத்தெடுத்திருப்பார். புடவையின் இழை, பித்தளைக் குடத்தின் நெளிவு, சுவரின் காரை பெயர்ந்த இடம் எல்லாம் ஒரே பரிபூரணத்தில். இந்த இடத்தில்தான் அவர் ரவிவர்மாவின் எதிரியாக இல்லாமல் வாரிசாக நிற்கிறார். பட்டின் இடத்தில் பருத்தி வந்தது. தங்கத்தின் இடத்தில் பித்தளை. அரண்மனைத் தூணின் இடத்தில் தேக்குத் தூண். மேற்பரப்பின்மீதுள்ள மோகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பெண் என்ன செய்கிறாள் என்பதிலும் ஒற்றுமை. ரவிவர்மாவின் ‘அதோ அப்பா வருகிறார்’ (1893) ஓவியத்தில் குழந்தையை இடுப்பில் வைத்த தாய், சட்டகத்துக்கு வெளியேயிருந்து வரும் ஒருவரைப் பார்த்து நிற்கிறாள். மாடலாக நின்றது அவருடைய மகள். இளையராஜாவின் ஜன்னலோரப் பெண்களும் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே எதையோ பார்த்தபடி இருக்கிறார்கள். வேலை செய்தாலும் அந்த வேலை நின்றுபோயிருக்கிறது. பூ கையில் இருக்கிறது, விரல் அசையவில்லை. வாரக்கணக்கில் பூச்சுமேல் பூச்சாக உலரவைத்துச் செய்யும் ஓவியத்துக்கு அசையாத பெண் தேவைப்படுகிறாள் என்பது புரிகிறது. அந்த அசையாமையை நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் சண்டை.

நான் வடக்குப்பட்டில் வசிப்பவன். 2022 இல் மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்ததால் செய்தித்தாள்களில் ஓரிரு நாள் அடிபட்ட ஊர். மற்றபடி ஒரகடம் தொழிற்சாலைகளின் நிழலில் இருக்கும் ஒரு கிராமம். இங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் விடியற்காலையில் ஷிப்டுப் பேருந்துகள் போகும். அவற்றுக்குள் இருப்பவர்களில் கணிசமானோர் இருபது வயதைச் சுற்றியுள்ள பெண்கள். திருவாரூர், தஞ்சாவூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். 2006 இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர்வலம் நடக்கிறது. 2014 இல் அந்த ஆலை மூடப்பட்டும் ஊர்வலம் நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்காகத் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். ஒரு பேரூராட்சியின் மக்கள்தொகை அது.

இளையராஜாவின் ஜன்னலில் நின்ற பெண்கள் இவர்கள்தாம். உருவகமாகச் சொல்லவில்லை. அதே காவிரிக்கரை, அதே முகவெட்டு, அதே மாநிறம். அடுப்படியை விட்டு, பூக்கூடையை வைத்துவிட்டு, இவர்கள் பேருந்தேறி வந்துவிட்டார்கள். ஆனால் இளையராஜாவின் படங்களைச் சுற்றுக்கு விடுகிறவர்கள் அவற்றின் கீழே எழுதும் வாசகங்களைப் பாருங்கள். இதுதான் தமிழ்ப் பெண், இதுதான் அழகு, இன்று எங்கே போயிற்று இந்த அடக்கம் என்கிற ரீதியில் போகும். எனக்குத் தெரிந்த ஒரு மேற்பார்வையாளர் தம் கைப்பேசியில் இளையராஜாவின் ஓவியமொன்றை முகப்பாக வைத்திருக்கிறார். தம் பிரிவில் வேலை செய்யும் பெண்கள் சுடிதாரின்மேல் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்துப் பேசிப்போவதைக் காட்டி, ‘இதுகளும் பொண்ணுங்க’ என்று அந்தப் படத்தைச் சாட்சிக்கு அழைத்தார். ஒரு நூற்றாண்டுக்கு முன் ரவிவர்மாவின் அச்சுப்படம் எந்த வேலையைச் செய்ததோ, நல்ல பெண் எப்படி உட்காருவாள், எப்படிப் புடவை கட்டுவாள் என்று சுவரில் தொங்கியபடி பாடம் எடுத்ததோ, அதே வேலையை இன்று இந்தப் படம் செய்துகொண்டிருக்கிறது. நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவே. கறுப்பு நிறத்தைக் கொண்டாடுவதாகச் சொல்லிக்கொண்டே, அந்த நிறத்தை உடையவளை 1960களின் அடுப்படியில் நிறுத்திவைக்கிறோம்.

இதற்கு இளையராஜா பொறுப்பா என்று கேட்பார்கள். இல்லை. தன் வீட்டுப் பெண்களை நேசத்தோடு வரைந்த ஒருவர் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். இன்னும் முப்பதாண்டு இருந்திருந்தால் எதை வரைந்திருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்? என் வழக்கு அவர்மேல் அல்ல. அவர் ரவிவர்மாவை வென்றுவிட்டார், ஆட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டுத் தூங்கப்போகும் நம் விமரிசகர்கள்மேல். தோலின் நிறத்தில் அவர் வென்றார். அந்த வெற்றி உண்மையானது, எண்ணெயாலேயே பெறப்பட்டது. பெண் நிற்கும் இடத்தை அவர் ரவிவர்மாவிடமிருந்து வாங்கியதைவிட அதிகம் நகர்த்தவில்லை.

நண்பர் ஒருவர் என்னிடம், ஓவியத்துக்குள் தொழிற்சாலையைக் கொண்டுவரச் சொல்வது பழைய முற்போக்குப் பஜனை என்றார். உழைக்கும் பெண் கைமுட்டியை உயர்த்தும் சுவரொட்டிகளைப் பார்த்து அலுத்தவர் அவர். அலுப்பில் எனக்கும் பங்குண்டு. ஆனால் நான் கேட்பது சுவரொட்டியை அல்ல. தன் முகத்தில் விழும் வெளிச்சத்தை ஒரு மாநிறப் பெண் எப்படி ஏந்திக்கொள்கிறாள் என்பதைத் தமிழ் ஓவியத்தில் இளையராஜா அளவு கவனித்தவர் அரிது. அந்த வெளிச்சம் இடம் மாறிவிட்டது. எண்ணெய் அதைப் பின்தொடர வேண்டாமா என்பதே கேள்வி.

அம்ரிதா ஷெர்கில் ஓரளவு பின்தொடர்ந்தார். பாரிஸில் கற்ற நிழல்-ஒளி வித்தையோடு 1934 இன் இறுதியில் இந்தியா திரும்பியவர், பின்னர் அஜந்தாவைக் கண்டு, தென்னகத்தில் கன்னியாகுமரிவரை அலைந்தார். 1937 இல் வரைந்த தென்னிந்திய ஓவியங்களில் அந்த வித்தையைப் பெருமளவு கைவிட்டார். தட்டையான நிறப்பரப்புகள். கறுத்த உடல்கள் நிழலால் உருப்பெறாமல், நிறத்தாலேயே உருப்பெற்றன. வெள்ளைத்துணி பக்கத்தில் இருப்பதால் கறுப்பு இன்னும் ஆழமாகிறது. கறுப்பால் வெள்ளை எரிகிறது. அந்தப் பெண்கள் அழகாயிருக்க முயலவில்லை. யாருக்காகவும் காத்திருக்கவும் இல்லை. அவருடைய சோகம் சில இடங்களில் எனக்கு மிகை. ஆனால் வெளிச்சம் மாறினால் செய்முறையையும் மாற்றத்தான் வேண்டும் என்ற துணிச்சல் அவரிடம் இருந்தது. இருபத்தெட்டு வயதில் இறந்தும்விட்டார்.

இங்கே வெளிச்சம் மாறித்தான் இருக்கிறது. மின்னணுப் பொருள் கோக்கும் கூடங்களில் ஜன்னலோரம் என்று ஒன்று கிடையாது. கூரை முழுவதும் விளக்குகள், எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக விழும் வெண்ணொளி. முகத்தில் நிழலே விழாது. இளையராஜாவின் பூச்சடுக்கு அங்கே பயன்படாது, ரவிவர்மாவின் இருண்ட பின்னணியும் பயன்படாது. தலையுறையும் மேலங்கியும் வெளிர்நிறம். நடுவில் தெரிவது கண்ணும் ஒரு சாண் மாநிறமும்தான். இது ஓவியனுக்குப் பெரிய சோதனை. விடுதிப் பேருந்து இன்னொரு சோதனை. காலை நாலே முக்கால் மணிக்கு உள்விளக்கை அணைத்துவிடுவார்கள். ஜன்னலோர இருக்கையில் இருப்பவள் கைப்பேசியில் வீட்டோடு பேசிக்கொண்டிருப்பாள், அல்லது எதையோ பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டிருப்பாள். வெளிச்சம் கீழேயிருந்து, திரையிலிருந்து, நீலமாக முகவாயில் ஏறும். வெளியே நெடுஞ்சாலை விளக்கின் மஞ்சள் ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒருமுறை கன்னத்தைக் கடந்துபோகும். எரித்த பழுப்போடு எந்த நீலத்தை எவ்வளவு மெல்லிசாகப் பூசினால் அந்த முகவாய் சாம்பல் பூக்காமல் வரும் என்று ஒருவராவது இந்நேரம் ஏதோ ஒரு அறையில் கலந்துபார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். கும்பகோணத்திலோ சென்னையிலோ கவின்கலைக் கல்லூரியில் படிக்கும் பெண்ணாக இருந்தால் நல்லது. அவளுடைய அக்காவோ சித்தி மகளோ அந்தப் பேருந்தில் இருக்கக்கூடும்.